ஒழிப்பே வியூகம்

ஹார்த்ஸ்டோன் என்ற கணினிச் சீட்டாட்டத்தில் கட்டு ஒன்றுக்கு 30 சீட்டு. விவரமில்லாதவர்கள் அதில் வீரர்களைச் சேர்த்து ஜெயிக்கப் பார்க்கிறார்கள். நமக்கெதற்கு அந்த வம்பு? ‘வாரியர்’ வகுப்புக் கட்டு முழுக்க, எதிராளியின் வீரர்களை அழிக்கும் ஒழிப்புச் சீட்டாகவே இருக்கட்டும். அடிபட்டவனுக்கு ‘எக்ஸிக்யூட்’. கும்பலுக்கு ‘ப்ராவல்’: உட்கட்சித் தேர்தல் மாதிரி தங்களுக்குள் அடித்துக்கொண்டு ஒருவர்தான் மிஞ்சுவார். அவருக்கும் ‘ஷீல்டு ஸ்லாம்’ வைத்திருக்கிறோம். எதிராளி வெறுத்துப்போய் எழுந்து ஓடுவதுதான் இலக்கு. எவ்வளவு நாகரிகம்!

நேற்று வாய்த்த எதிராளியும் இதே வியூக ஞானி. மேசையில் ஈ, காக்கை இல்லை. ஒழிக்க ஆளின்றி இருவரும் கை நிறையச் சீட்டோடு வீற்றிருந்தோம். கையின் வரம்பான 10-க்கு மேல் வந்த சீட்டெல்லாம் எரிந்தது. கட்டு தீர்ந்ததும், சீட்டெடுக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் ‘களைப்பு’ச் சேதம் 1, 2, 3 என ஏறி ஏறி அடித்தது. ஒரு சுற்று முன்னதாக அவர் செத்தார். முழுக்க முழுக்க என் திறமை.