கோர்ட்டு அண்ணாச்சி

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்திற்கு வெளியே டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்திருக்கும் கோர்ட்டு அண்ணாச்சி வழக்கறிஞர் அல்லர், குமாஸ்தாவும் அல்லர். பாகப்பிரிவினை வழக்கொன்றில் வாய்தா, அதாவது விசாரணை தள்ளிவைக்கப்படும் தேதி, வாங்கி வாங்கியே சட்டம் பயின்றவர். செக் மோசடி, வரப்புத் தகராறு ஆகியவற்றிலும் அவருக்குக் கருத்து உண்டு எனினும், அவருடைய மேதைமை முழுவதும் வெளிப்படுவது, குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றங்கரையில் குடித்துப் பிடிபட்ட பையனைத் தாயார் அழைத்துவரும் காலைகளில்தான்.

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. குற்றவியல் நீதிமன்றமோ 18 நிரம்பியவரைப் பெரியவராகவே கொள்கிறது. ஆகவே பத்தொன்பது வயதுப் பையன் கடைக்குச் சின்னவனாகவும் கூண்டுக்குப் பெரியவனாகவும் இருக்கும் இந்த இடைவெளியே அண்ணாச்சியின் ஆட்சிப்பரப்பு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 274ஆம் பிரிவுப்படி, இத்தகைய சிறு வழக்கில் நடுவர் குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் குற்ற விவரத்தை எடுத்துச் சொல்லி, ஒப்புக்கொள்கிறாரா, எதிர்வாதம் உண்டா என்று கேட்பார். ஒப்புக்கொண்டால் அதைக் கூடியவரை அவருடைய சொற்களிலேயே பதிய வேண்டும் என்பது 275ஆம் பிரிவு. அந்தச் சொற்களைப் பையனிடம் விட்டுவைக்க அண்ணாச்சிக்கு மனம் வருவதில்லை.

எனவே ஒத்திகை தொடங்கும். பெஞ்சின் நடுவே நகர்ந்தமர்ந்து நடுவராகி, "ஏல, குத்தத்த ஒத்துக்கிடுதியா?" என்று கேட்டு, பையன் வாய் திறக்குமுன் எழுந்து கைகட்டி, "ஒத்துக்கிடுதேன் ஐயா, அறியாத்தனமாப் பண்ணிட்டேன்" என்று தாமே குழைந்து, மறுபடியும் அமர்ந்து அபராதம் விதித்து, "இன்னைக்கே முடிஞ்சிரும் தங்கச்சி, வாய்தாவே கெடையாது" என்று தாயாருக்குத் தீர்ப்பையும் விளக்கிவிடுவார். இரண்டாம் டீ வந்ததும் அத்தீர்ப்பு அவருக்கே கசக்கும். ஒப்புதலின் பேரில் கிடைப்பதும் தண்டனைதான்; காவலர் தேர்வில் வென்றவரின் பின்புலத்தைச் சரிபார்க்கையில், சந்தேகத்தின் பலனால் விடுதலையான வழக்கைக்கூடத் துருவுவார்கள். "போலீசு வேலைக்குப் போற பய ஒத்துக்கிடலாமா? எந்த முட்டாப்பய சொன்னான்?" என்று அதட்டி, உடனே காவலராகவும் மருத்துவராகவும் மாறிச் சாட்சியம் அளித்து, அச்சாட்சிகளைத் தாமே குறுக்கு விசாரணை செய்து திணறடிப்பார். வாய் வாடையும் தள்ளாட்டமும் மட்டும் ஒருவர் குடித்திருந்தார் என முடிவுகட்டப் போதா என்று 1971இல் பச்சுபாய் ஹசனலி கர்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது எப்படியோ அவர் காதில் விழுந்திருக்கிறது. அது கார் விபத்து வழக்கு என்பது மட்டும் விழவில்லை. மூன்றாம் டீக்கு மீண்டும் ஒப்புதலே சிறந்ததாகிவிடும்.

இத்தனைக்கும் அவர் காசு வாங்குவதில்லை, டீயோடு சரி. பெயர் கூப்பிடும் நேரத்தில் பையனின் மடித்துவிட்ட சட்டைக்கையை இறக்கிப் பொத்தான் மாட்டிவிடுவதும், தாயாரை நிழலில் உட்காரச் சொல்வதும் அவரைத் தவிர அவ்வாசலில் வேறெவரும் செய்யாத காரியங்கள்.

ஆயினும் பதினேழு வயதுப் பையனுக்கும் இதே ஒத்திகையை நடத்துவது பொறுக்கத்தக்கதன்று. அவன் செல்ல வேண்டிய இடம் இளைஞர் நீதிக் குழுமம், அதாவது 18 நிரம்பாதவர்களை விசாரிக்கும் தனி அமைப்பு. அங்கே கண்டித்தோ அறிவுரை சொல்லியோ வீட்டுக்கு அனுப்பவும் வழி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அவனுக்கு இலவசமாகவே வழக்கறிஞரைத் தரும். அதைச் சொன்னால், "ஓசி வக்கீலா?" என்று முகத்தைச் சுளிப்பவர், தாம் ஓசியில் நடத்துவதை மறந்துவிடுகிறார். அந்த வயதுப் பையனுக்கு மதுவைக் கொடுத்தவருக்கு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவில், ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. நடுவர், காவலர், மருத்துவர், பையன் எனச் சகல வேடமும் கட்டும் அண்ணாச்சி, பாட்டிலைக் கொடுத்தவரை ஒருநாளும் கூண்டில் ஏற்றியதில்லை.