மூன்று பத்திரிகை, ஒரே அருள்வாக்கு

2009 அக்டோபர், மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தல். லோக்மத், மகாராஷ்டிரா டைம்ஸ், புதாரி மூன்றும் சந்தையில் ஒன்றையொன்று கடித்துக் குதறும் மராத்தி நாளேடுகள். அன்றைய முதல்வர் அசோக் சவாணைப் புகழ்ந்து மூன்றிலும் ஒரே கட்டுரை வந்தது. மூன்று ஆபீசிலும் ஒரே சாமி இறங்கியிருக்க வேண்டும். பக்கம் பக்கமாகப் புகழ்மாலை. 'விளம்பரம்' என்ற சொல் மட்டும் அச்சேறவில்லை.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைத் 'தி இந்து'வில் போட்டு உடைத்தார். நாளேட்டு விளம்பரத்துக்குச் சவாண் காட்டிய கணக்கு 5,379 ரூபாய். காசு கொடுக்கவில்லை என்றார் அவர். கணக்கை முறையாகக் காட்டவில்லை என்ற தேர்தல் ஆணையத்தின் உத்தரவையும் 2014இல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆக, அத்தனை பக்கமும் இனாம்! செத்துப்போன பாட்டிக்குக் கண்ணீர் அஞ்சலி போடப் போனால் சென்டிமீட்டர் கணக்கில் கறக்கும் கவுண்டர், முதல்வருக்கு மட்டும் கர்ணன் பரம்பரை.

காசுக்குச் செய்தி விற்கும் இந்த வியாபாரத்தை விசாரிக்க, பத்திரிகைகளைக் கண்காணிக்கும் பிரஸ் கவுன்சில் இருவர் குழு ஒன்றை விட்டது. அவர்கள் பத்திரிகைகளின் பெயர் சொல்லியே 71 பக்கம் எழுதிவிட்டார்கள். பாவம், உண்மை கேட்டால் உண்மையே வரும் என்று யார் எதிர்பார்த்தது? 2010இல் பெயர்களை உதிர்த்துவிட்டுச் சுருக்கத்தை வெளியிட்டது கவுன்சில். முழு அறிக்கை வெளிவரத் தகவல் ஆணையம் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஊரார் கோப்பையெல்லாம் திறக்கச் சொல்லும் தொழிலின் கோப்பைத் திறக்க, தகவல் உரிமைச் சட்டம்!

பிரஸ்மீட்டில் ஐந்நூறு ரூபாய் 'கவர்' வாங்கும் நிருபர் திருடன்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்குச் சம்பளத்தை ஒழுங்காகத் தராத முதலாளி, வேட்பாளரிடம் மொத்தமாக 'பேக்கேஜ்' பேசினால் அதற்குப் பெயர் மார்க்கெட்டிங்.

தண்டனையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், 2007 தேர்தலில் செய்தி வேடத்தில் வந்த விளம்பரச் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011இல் தகுதி இழந்தார். வாங்கியவர் பதவி போனது. விற்ற கடைக்கு? 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரஸ் கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட அதிகாரம் கிடையாது. ஷட்டர் மறுநாளும் காலை ஐந்து மணிக்கே திறந்தது.

அடுத்த தேர்தலிலும் 'உங்கள் வாக்கை விற்காதீர்' என்று முதல் பக்கத்தில் நமக்குப் புத்தி சொல்வார்கள். அதற்கு ஸ்பான்சர் யாரென்று கீழ்மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.