பதினொரு ஒன்றுகள்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வாசலில் நின்று மேற்கே பார்த்தால் பத்மநாபசுவாமி கோயில் கோபுரம். திரும்பிக் கிழக்கே பார்த்தால் பஸ் நெரிசல், அதற்கப்பால் ஆ. மாதவன் கதைகளாக்கிய சாலைக் கடைத்தெரு. நடுவே பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இளவட்டத்தின் கையில் பி.எஸ்.சி. ரேங்க் ஃபைல் என்கிற பரீட்சைக் கைடு. இந்த ஊரில் கிளார்க் பரீட்சை பக்தி பத்மநாபனுக்கு அடுத்தபடி. சில வீடுகளில் வரிசை மாறியும் இருக்கும். வருஷக்கணக்காகப் பரீட்சை எழுதிக்கொண்டே இருப்பவனுக்கு மரியாதை குறையாது. 'பையன் சாக்கை ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிக்கிறான்' என்று சொல்லிப் பாருங்கள், கேட்டவர் துக்கம் விசாரிக்கிற முகத்துக்கு மாறிவிடுவார். அதே பையன் துபாய்க்கு விமானம் ஏறினால், அதே ஹோல்டரைத்தான் அங்கேயும் பிடிக்கிறான் என்றாலும், கல்யாணத் தரகர் வீடு தேடி வருவார்.

ஜனங்கள்தான் இப்படி, சர்க்கார் கைத்தொழிலைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறதே என்பீர்கள். கொண்டாடுகிறது. 2015 ஜூலை 15 அன்று தில்லியில் ஸ்கில் இந்தியாவைத் தொடங்கி, 2022-க்குள் நாற்பது கோடிப் பேருக்குப் பயிற்சி என்று முழங்கினார்கள். முழக்கத்தின் கணக்கைத் தலைமைத் தணிக்கையாளர் பார்த்தார். 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த அவருடைய அறிக்கையில், ஸ்கில் இந்தியாவின் கீழ் வரும் பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனாவில் பயிற்சி பெற்றவர்களின் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய கட்டம் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் சைபர், அல்லது வெறுமை. நிரப்பியவற்றிலும் சிலருடைய எண் 11111111111. வெவ்வேறு பேருக்கு ஒரே போட்டோ வேறு. அந்தப் பதினொரு ஒன்றுகளையும் நன்றாகப் பாருங்கள், ஒன்றாவது கோணியிருக்கிறதா? அவ்வளவு நேராக வெல்டிங்கில் ஒரு பீட் இழுக்க ஒரு பையனுக்கு மாதக்கணக்காகும்.

பட்டறையில் முதல் வாரம் ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். முறுக்கிப் பிடுங்க வேண்டும், மறுபடியும் ஒட்டும். பிறகு ஒரு நாள் ஆர்க் நிற்கும். இடைவெளி கூடினால் பொறி சிதறும், குறைந்தால் பழையபடி ஒட்டும். கசடைத் தட்டி எடுத்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இளிக்கும். படுக்கவைத்த தகட்டில் கை பழகி, நிறுத்திய தகட்டுக்கு வந்து, தலைக்கு மேலே பிடித்த தகட்டில் நெருப்புத் துளி சட்டைக் காலருக்குள் விழுந்து, கடைசியில்தான் குழாய். நாற்பத்தைந்து டிகிரி சாய்த்துக் கட்டிய குழாயைத் திருப்பக் கூடாது. குந்தியும் நிமிர்ந்தும் ஆள்தான் அதைச் சுற்றிவந்து இணைக்க வேண்டும். வெல்டர்கள் சிக்ஸ் ஜி என்பது இதைத்தான். பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அங்கே அடுத்தவன் போட்டோவை ஒட்டித் தப்ப முடியாது.

ஐ.டி.ஐ.யில் வெல்டர் பாடம் ஒரு வருஷம். டர்னரும் மெஷினிஸ்ட்டும் இரண்டு வருஷம். அதுவே போதாது என்பது லேத்தில் நின்ற எவனுக்கும் தெரியும். முடியளவு அதிகம் சீவிவிட்டால் உருப்படி பழைய இரும்புக் கடைக்குப் போகும். அந்த யோஜனாவின் குறுகிய காலப் பயிற்சியோ சில நூறு மணி நேரம், அதிலும் ஒரு பங்கு நேர்முகத் தேர்வில் எப்படிச் சிரிப்பது என்ற பாடத்துக்கு. ராடை எரித்தால்தான் கை வரும், ராடுக்குக் காசு வேண்டும். ஆகவே ஒருவர் பற்றவைக்க முப்பது பேர் சுற்றி நின்று பார்க்கலாம். கும்பலாகப் போட்டோ எடுக்கவும் வசதி.

தப்பிப் பிழைத்துச் சான்றிதழ் வாங்கியவன் அப்ரண்டிஸ் ஆகிறான். 2019 விதி, படிப்புக்குத் தக்கபடி குறைந்தபட்ச மாத உதவித்தொகையை 5,000 முதல் 9,000 ரூபாய் என்று வைத்தது. அதில் கால் பங்கை, 1,500 வரை, மத்திய அரசே போடும் என்று திட்டம். ஷிஃப்ட் முழுக்க அவனிடம் வேலை வாங்கிவிட்டு, சாயங்காலம் தொழில் மாநாட்டில் 'திறமையான ஆள் கிடைப்பதே இல்லை' என்று முதலாளி கண் கலங்குவார். சமோசாவும் உண்டு.

இதே நகரத்தின் தும்பாவில்தான் 1963-ல் முதல் ராக்கெட் ஏறியது. பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்ட உறை மராஜிங் எஃகு. அதில் ஒரு வெல்டிங் இணைப்பு பிசகினால் மேலே போனது கடலுக்குள் வரும். ராக்கெட் ஏறுகிற நாளில் கிழக்கேகோட்டை முழுக்கக் கைதட்டும். அடுத்த நாள் பேப்பரில் பற்றவைத்தவனைத் தேடாதீர்கள்.

வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் முதல் வகுப்பிலேயே சேர்த்துவிட்டது. சாலைக் கடைத்தெருவை ஒட்டிய சந்துக் கிரில் பட்டறைக்கு அந்தச் செய்தி வரவில்லை. வங்காளத்திலிருந்து வந்த பையன் ரப்பர் செருப்போடு, மலிவு கூலிங் கிளாஸோடு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு பற்றவைக்கிறான். ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் எரியும். உருளைக்கிழங்கு நறுக்கி வைத்துக்கொண்டு படுப்பான். கேரள அரசின் பாஷையில் அவன் அதிதி; நல்ல உபசாரம்! ஆளுக்கொரு முகக்கவசமும் தோல் கையுறையும் கொடுக்க நிதி இல்லையாம். வருஷா வருஷம் ஜூலை 15, உலக இளைஞர் திறன் நாளுக்கு அமைச்சர் சிரிக்கிற பேனர் வைக்க நிதி உண்டு. அந்தப் பேனரின் இரும்புச் சட்டத்தைப் பற்றவைப்பதும் இந்தப் பையன்தான், அதே கூலிங் கிளாஸோடு.