47 நரம்புத் தூக்கம்

இரவு 10 மணிக்கு மேல் மாதனூரில் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் ஏர்ஹாரன். மற்றது, டேனரியில் தோலை 'செலக்ஷன்' வாரியாகத் தரம் பிரித்தே தலை நரைத்து ஓய்வுபெற்ற நம்மவரின் செல்போனில் வழியும் ஹார்ப். "டென்ஷன் வேணாம், பாட்டு கேளுங்க" என்றார் டாக்டர். அவர் இளையராஜாவை நினைத்துச் சொல்லியிருப்பார். இவர் யூடியூபில் 'மன அமைதி' என்று தேடப்போய், மோசார்ட் வந்து மாட்டிக்கொண்டார்.

"இன்னாங்க இது, யாருக்கோ பிளாஷ்பேக் வர்ற மாதிரியே கீது?" என்கிறார் வீட்டம்மா. அவர் பார்த்த படங்களில் கதாநாயகி கண்ணை மூடினால்தான் இந்தச் சத்தம் வரும்.

இந்த ரகத்து ஆட்களுக்கு ரிலாக்ஸ் என்பதும் ஒரு ஷிப்ட். நேரத்துக்குப் படுத்து, கண்ணை இறுக்கி மூடி, நெற்றி சுருங்க ஓய்வெடுப்பார்கள். தலைமாட்டில் பிரஷர் மெஷின் தயாராக இருக்கும். குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்த்த கவலையில் ஏறும். நடுவில் நகைக்கடன் விளம்பரம் வேறு.

போதாக்குறைக்கு நம்மவர் விவரமும் படித்துவிட்டார். புல்லாங்குழலும் ஹார்ப்பும் சேர்ந்த அந்த இசையை மோசார்ட் 1778-இல் பாரிஸில் எழுதினார். குழல் ஊதும் ஒரு பிரபு, ஹார்ப் வாசிக்கும் தன் மகளோடு சேர்ந்து வாசிக்கக் கேட்டு வாங்கியது. சரக்கு கைக்குப் போய் நாலு மாதமாகியும் காசு வரவில்லை என்று மோசார்ட் அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நம்மவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பார்ட்டி இழுத்தடிக்கிறது அங்கயும் உண்டா!" அன்றைக்குத் தூக்கம் போச்சு.

ஹார்ப்பின் 47 நரம்புகளில் பல, கால்நடைக் குடலில் திரித்தவை என்று தெரிந்ததும் மரியாதை கூடியது. நம்ம லைன்தான்!

கல்லூரி போகும் பேத்தி விடுவாளா? "தாத்தா, நம்ம யாழும் ஹார்ப்தான். அதுக்குத் தோல் போர்த்துவாங்க" என்றாள். பொருநராற்றுப்படை அந்தத் தோல் போர்வையை ரசித்து ரசித்து வர்ணிக்கிறது. யாழின் பாலைப் பண் கேட்டு வழிப்பறிக் கள்வரே ஆயுதத்தைக் கீழே போட்டார்களாம். (ஏர்ஹாரன்காரர்களிடம் யாரும் இதைச் சோதித்துப் பார்க்கவில்லை.) பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7. விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் இதை ஆராய்ந்து எழுதிய 'யாழ்நூல்' 1947-இல் வந்தது. சென்னையில் தருண் சேகர் இப்போது யாழை மறுபடி செய்து வாசித்தும் காட்டுகிறார்.

அவர் வாசிக்கும் வீடியோவைப் பேத்தி போட்டுவிட்டுப் போனாள். நம்மவர் ஒலியை அணைத்தார், விளக்கைப் போட்டார், கண்ணாடியை மாட்டினார். படத்தைப் பெரிதாக்கி, விரலால் திரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தூங்கலயா?" என்கிறார் வீட்டம்மா.

"இரு, இது எந்த செலக்ஷன்னு பாத்துட்டு வரேன்."