சவள், நத்தை, வெள்ளிக்கிழமை: லோறென்ஸ்கூக் பூப்பாத்தியை முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

கபிலர் 261 அடிகளில் குறிஞ்சிப்பாட்டைப் பாடி, அதற்குள் 99 பூக்களை அடுக்கிவிட்டார். எது எவ்வளவு உயரம் வளரும், எது எந்த மாதம் பூக்கும், எதற்குப் பக்கத்தில் எதை நடலாம் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. தலைவியும் தோழியும் எல்லாவற்றையும் பறித்துப் பாறையில் குவித்துவிடுகிறார்கள். பாத்தி கட்டிய தடயமே கிடையாது. ஒஸ்லோவுக்குக் கிழக்கே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கி, வாசலில் வருஷா வருஷம் தானாக முளைத்துப் பூக்கும் பல்லாண்டுச் செடிகளை வைக்க நினைக்கும் தமிழருக்கு இது பெரும் இடைவெளி. அதை நிரப்பவே இக்கட்டுரை.

முதலில் திணை. ஓஸ்ட்மார்க்கா காட்டோரம் இருப்பதால் ஊரை முல்லை என்று சொல்லத் தோன்றும். மண்வெட்டி அதை மறுக்கிறது. ஒரு சாண் வெட்டினால் சாம்பல் நிறக் களி. மழையில் சப்பாத்தைப் பிடித்து இழுக்கும், வெயிலில் இறுகி வெடிக்கும். பனியுகம் முடிந்த காலத்தில் இப்பகுதியில் கடல் இன்றைய மட்டத்துக்கு ஏறக்குறைய 220 மீற்றர் மேலே நின்றது. ஊரின் தாழ்வான காணிகள் அன்றைய கடலடி. ஆகவே திணை நெய்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்பதை இந்தக் களியைக் கொத்திப் பார்த்த எவரும் மறுக்கமாட்டார். மக்கிய பசளையைத் தாராளமாகக் கலப்பதே பரிகாரம்.

அடுத்தது, பாத்தி எங்கே அமையவேண்டும்? நூலோர் சூரியனைப் பார்க்கச் சொல்கின்றனர். இக்கட்டுரை சவளையும் பார்க்கச் சொல்கிறது. கார் நிற்கும் இடத்தில் அள்ளும் பனியைக் கை தன்னிச்சையாக ஒரே பக்கம்தான் வீசும். அங்கே பற்றைச் செடி வைத்தால் வசந்தத்தில் முறிந்த கொப்புகள்தான் மிஞ்சும். பல்லாண்டுச் செடியோ குளிர் வந்ததும் மேலே இருப்பதைக் காயவிட்டு, வேரோடு மண்ணுக்குள் ஒதுங்கிவிடுகிறது. மேலே இடுப்பளவு பனி கிடந்தாலும் அதற்கு நன்மைதான். மூடிய நிலம் வெறும் நிலத்தைப்போல ஆழமாக உறைவதில்லை. வீதியின் உப்புப் பனியை மட்டும் அதன்மேல் தள்ளாதீர்கள். பாத்தியின் இடம் மே மாதத்தில் அல்ல, ஜனவரியிலேயே தீர்மானமாகிறது என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

உயரமானது பின்னால், குட்டை முன்னால் என்பது கல்யாண வீட்டுப் படமெடுப்பவருக்கும் தெரிந்த விதி. டெல்ஃபினியம் பின்வரிசை, பியோனியும் புளொக்ஸும் நடுவரிசை, செடம் முன்வரிசை. மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் நடவேண்டும் என்கிறார்கள். 101 ரூபா மொய் எழுதிய இனத்துக்கு இதை யாரும் கற்பிக்கத் தேவையில்லை. பியோனியில் மட்டும் கவனம்: அதன் மொட்டுக்கண் மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்ரிமீற்றரில் இருக்கவேண்டும். ஆழமாகப் புதைத்தால் இலை வரும், பூ வராது. சரியாக வைத்தால் 50 வருஷம் நிற்கும்; வீட்டுக்கடன் தீர்ந்த பிறகும் பூக்கும்.

இனி அறவியல். 1988இல் நோர்வேயில் முதன்முதலாகக் காணப்பட்ட ஓடில்லாப் பழுப்பு நத்தைக்கு இங்கே மக்கள் வைத்த பெயர் கொலைகார நத்தை. டெல்ஃபினியத்தின் இளந்தளிர் என்றால் அதற்கு உயிர். அயலவர் அந்தி ஈரத்தில் கத்தரிக்கோலோடு இறங்கி இரண்டாக வெட்டுகிறார். வெள்ளிக்கிழமை மச்சம் சமைக்காத வீட்டில் இது ஆகுமா? ஒரு சாரார் கூடாது என்பர். இன்னொரு சாரார் நெமத்தோடு எனும் நுண்புழுக்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவர். அவை நத்தைக்குள் புகுந்து கொல்லும், பாவம் புழுவுக்கு. வியாழன் பின்னேரமே ஊற்றிவிடுவது பெருவழக்கு. மான் விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அது துலிப்பைத் தின்னும், நஞ்சுள்ள நார்சிஸைத் தொடாது. ஆகவே நார்சிஸ் நடுக.

அழகியலில் தீராத கேள்வி ஒன்று உண்டு. ஜூலையில் எல்லாம் பூத்து நிற்கையில் மாமி ஒருவர் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்பார்: "வடிவாத்தான் கிடக்கு தம்பி. இதில சாமிக்கு வைக்கிறது எது?" செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் யன்னலோரச் சாடியில் நோஞ்சானாக நிற்பதைக் காட்டினால், அடுத்த கேள்வி: "அப்ப சமைக்கிறது?" இதற்குப் பதிலாக ஒரு மூலையில் புதினா நுழைகிறது. சில கோடைகளில் அது புளொக்ஸைச் சுற்றி வளைத்துவிடும். புதினாவும் பல்லாண்டுச் செடியே என்பதால் இலக்கணப்படி ஆட்சேபிக்க வழியில்லை.

கடைசியாகச் சட்டம். வீதியோரம் நீலமும் ஊதாவுமாக நிற்கும் லூபினைக் கண்டு, சும்மா கிடக்கிறதே என்று கிண்டி வந்து வாசலில் வைத்துவிடாதீர்கள். அதன் நெற்றுகள் வெடித்து விதையைத் தூர எறிந்து உள்ளூர்ச் செடிகளை நெருக்கிவிடுகின்றன. 2016 முதல் நோர்வேயில் அதை விற்கவும் நடவும் தடை.