கடிகாரத்துக்குக் கீழே ஒரு வகுப்பு

பிராக் நகருக்கு வரும் பள்ளிச் சுற்றுலாக்களின் முதல் தரிசனம், பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரம். 1410இல் உருவானது. மணிக்கு ஒரு முறை எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்து, 'நேரமாச்சு, கிளம்பு' என்கிறது. மற்ற பொம்மைகள் மாட்டேன் என்று தலையாட்டுகின்றன. கீழே ஆசிரியருக்கும் மாணவர்களுக்கும் நடப்பதும் அதே நாடகம்தான். பொம்மைகளில் ஒருவன் தற்பெருமைக்காரன். கையில் கண்ணாடி வைத்துத் தன் முகத்தையே ரசிக்கிறான். அவனுக்கு முதுகைக் காட்டி நின்று மொத்த வகுப்பும் செல்ஃபி எடுக்கிறது. மேலே ஜன்னலில் இயேசுவின் பன்னிரண்டு சீடர்களும் வந்துபோய் முடிவதற்குள், "அவ்வளவுதானா சார்?"

அடுத்து நரோத்னி தெரு. 1989 நவம்பர் 17 அன்று மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து நொறுக்கிய இடம். அந்த ஆண்டு முடிவதற்குள் கம்யூனிஸ்ட் ஆட்சியே கவிழ்ந்தது. இன்றைய மாணவர் படையின் ஒரே கோரிக்கை, சாப்பாடு எப்போது என்பது.

கடைசியாகச் சார்லஸ் பாலம். அதன் 30 சிலைகளில் பெரும்பாலானவை நகல்கள். மூலச் சிலைகளை மழை வெயில் படாமல் வேறிடத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். ஊர் திரும்பியதும் மாணவர்கள் சமர்ப்பிக்கும் பயணக் கட்டுரைகளும் அதே முறைப்படிதான்: எல்லாம் நகல், மூலம் முதல் பெஞ்சுப் பெண்ணிடம் பத்திரமாக இருக்கிறது.