ஒரு பலகைக்கு எத்தனை இலை? துடியலூர் மேடைகளில் ஆர்கெஸ்ட்ரா எக்ஸ்பான்ஷன்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கல்யாண வரவேற்பிலும் கோயில் நோம்பியிலும் கீபோர்டு வாசிப்பவர், பெட்டிக்குள் செருகிய ஒரு பலகையின் துணையால் அறுபது நரம்பிசைக்காரர்களை ஒற்றை ஆளாக மேடையேற்றுகிறார். இதனால் இசைக்கு என்ன ஆனது என்று பலரும் கேட்டுவிட்டார்கள். பந்திக்கு என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

இயல் 1: ஆய்வெல்லை

மேட்டுப்பாளையம் சாலையில் துடியலூரும், அக்கம்பக்கத்து வெள்ளக்கிணறு, வடமதுரை, நரசிம்மநாயக்கன்பாளையம் ஆகிய ஊர்களின் மண்டபங்களும் கோயில் மேடைகளும் ஆய்வுக்களம். 2011-இல் கோவை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது துடியலூர்ப் பேரூராட்சியும் அதற்குள் செருகப்பட்டது. எனவே எக்ஸ்பான்ஷன் என்னும் கருத்தை இவ்வூராருக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை. பெட்டி அதேதான் இருக்கும், உள்ளே சத்தம் கூடும், கட்டணம் ஏறும்.

இயல் 2: ஆய்வுப் பொருள்

1992-இல் ரோலண்டு நிறுவனம் ஜே.வி.-80 என்ற கீபோர்டை வெளியிட்டது. அதனுள் ஒரு காலி இடம் விடப்பட்டிருந்தது. மூடியின் திருகுகளைக் கழற்றி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பலகையைச் செருகினால் புதிய ஒலிகள் கிடைக்கும். எஸ்.ஆர்.-ஜே.வி.80 எனப்படும் அந்த எக்ஸ்பான்ஷன் பலகை வரிசையில் இரண்டாம் எண் பலகையின் பெயர் 'ஆர்கெஸ்ட்ரல்'. கொள்ளளவு 8 மெகாபைட். இன்றைய செல்போன் எடுக்கும் நாலைந்து போட்டோவுக்கே அது காணாது. வயலின், வியோலா, செல்லோ, கொம்பு, புல்லாங்குழல், டிம்பனி எல்லாம் அதற்குள் குடித்தனம் நடத்தின. 1996-இல் வந்த எக்ஸ்.பி.-80-இல் இப்படி நான்கு பலகைகளுக்கு இடம் இருந்தது. பிறகு எஸ்.ஆர்.எக்ஸ். என்ற பெயரில் 64 மெகாபைட் பலகைகள் வந்தன. இந்திய வாசிப்பாளர்களை மனதில் வைத்து வந்த எக்ஸ்.பி.எஸ்.-10 காலத்தில் பலகையே போய், பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றும் நிலை ஏற்பட்டது. பொருள் மறைந்தாலும் வழக்கு மறையவில்லை. பென்டிரைவைச் சட்டைப்பையில் வைத்திருப்பவரும் "எக்ஸ்பான்ஷன் போட்டிருக்கேனுங்க" என்றுதான் சொல்கிறார்.

பலகை செய்யும் வேலை எளிது. எங்கோ ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் கலைஞர்கள் ஒவ்வொரு சுரமாகச் சில நொடிகள் இழுத்து வாசித்திருக்கிறார்கள். அந்த நொடிகளின் வால் பகுதியை இயந்திரம் திரும்பத் திரும்ப ஓட்டுகிறது. பதிவாகாத சுரங்களுக்குப் பக்கத்துச் சுரத்தையே இழுத்தும் சுருக்கியும் கொடுக்கிறது. இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, வில்லைத் திருப்பாமல், கை வலிக்காமல், விரல் எடுக்கும்வரை வயலின் ஒலிக்கும். இரண்டாவது, நடு ஸ்தாயி 'ஸி'க்குக் கீழே உள்ள 'ஜி'தான் மேற்கத்திய வயலினின் அடிமட்டம் என்பது உலகறிந்த எல்லை. பலகை வயலினுக்கு அந்த எல்லை தெரியாது. அதைத் தாண்டியும் கீழிறங்கி, எந்த மரத்திலும் செய்ய முடியாத ஒரு வயலினைத் துடியலூர் கேட்டிருக்கிறது.

நரம்பில் வில் பட்டு ஒலி எழுந்துவர ஒரு கணம் ஆகும். பலகை அந்தக் கணத்தையும் சேர்த்தே பதிந்து வைத்திருக்கிறது. ஆகவே மெதுவான பாட்டில் ஸ்ட்ரிங்ஸ் உருகும். குத்துப்பாட்டில் தாளத்துக்குப் பின்தங்கும். அனுபவசாலிகள் விரலை முன்கூட்டியே வைப்பார்கள். புதியவர்கள் ரிதம் பேடுக்காரரை முறைப்பார்கள்.

இயல் 3: முன்வரலாறு

கோவைக்கு உண்மையான வாத்தியக் கோஷ்டி புதிதன்று. சிங்காநல்லூர்ப் பக்கம் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பிறகு பட்சிராஜாவும் படம் எடுத்த காலத்தில் இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் கோஷ்டி இந்த ஊரிலேயே உட்கார்ந்து வாசித்தது. ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடிப் பையனாக இருந்த எம்.எஸ். விசுவநாதன் இசைக்குள் நுழைந்ததும் அங்கேதான். 1954-இல் பட்சிராஜாவின் 'மலைக்கள்ளன்' வந்தது. பின்னர் சினிமா சென்னையோடு ஒதுங்கிக்கொள்ள, வாத்தியக்காரர்களும் ரயிலேறினார்கள். அன்று கோவையை விட்டுப் போன நரம்பிசை, 1990-களில் திருகு கழற்றும் மூடி வழியாகத் திரும்பி வந்தது. போகும்போது ஆளோடு போனது; வரும்போது ஆளில்லாமல் வந்தது. ஆய்வாளர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இதுவே.

தமிழ் இசையமைப்பாளர்களுக்கு முழு ஆர்கெஸ்ட்ரா எட்டாமல் போகவும் இல்லை. 'ஹே ராம்' படத்துக்கும் 2005-இல் வந்த 'திருவாசகம்' தொகுப்புக்கும் இளையராஜா புடாபெஸ்ட் கலைஞர்களை வைத்துப் பதிந்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தம் சிம்பொனியையே அரங்கேற்றினார். புடாபெஸ்டுக்கும் லண்டனுக்கும் போக முடியாத அத்தனை பேருக்குமானது 8 மெகாபைட்.

இயல் 4: வகைப்பாடு

பலகையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிகள் இருந்தும், களத்தில் 'ஸ்ட்ரிங்ஸ்' ஒன்றே அதிகம் அழுத்தப்படுகிறது. அதன் பயன்பாட்டைப் பின்வருமாறு வகுக்கலாம்.

அ) தாங்கு ஸ்ட்ரிங்ஸ். வாசலை மறைத்து நிற்கும் வெள்ளை நிறக் காரை எடுக்கச் சொல்லி மைக்கில் அறிவிப்பு வரும்போது அடியில் ஓடுவது. கார் எடுக்கப்படும்வரை சுரம் மாறாது.

ஆ) மறதி ஸ்ட்ரிங்ஸ். பாடகருக்கு இரண்டாம் சரணம் வராதபோது பல்லவி வரை பாலம் போடுவது. கேட்பவர்கள் இதை மெட்டில் உள்ள அழகு என்று கருதுவர். பாடகர் கீபோர்டுக்காரருக்கு வாங்கித்தரும் டீயில் இதன் மதிப்பு வெளிப்படும்.

இ) வரவேற்பு ஸ்ட்ரிங்ஸ். முக்கியப் புள்ளி படியேறும்போது பித்தளைக் கருவிகளோடும் டிம்பனி உருட்டலோடும் சேர்ந்து எழுவது. வந்தவர் முக்கியப் புள்ளியல்லர், சமையலுக்குக் காய்கறி கொண்டுவந்தவர் என்று தெரிந்தாலும் நடுவில் நிறுத்துவது மரபன்று.

ஈ) அருள் ஸ்ட்ரிங்ஸ். கோயில் மேடைக்கு மட்டும் உரியது. உடுக்கை, உருமியோடு 'ஆ' என்னும் கோரஸ் ஒலி கலந்து வரும். இதை வாசிக்கையில் முன்வரிசையில் யாருக்கேனும் அருள் வந்துவிட்டால், அவர் இறங்கும்வரை வாசிப்பவர் கை எடுக்கக் கூடாது.

உ) அடி. ஜெனரல் மிடி பட்டியலின் 56-ஆம் ஒலி, 'ஆர்கெஸ்ட்ரா ஹிட்'. மொத்தக் கோஷ்டியும் ஒரே கணத்தில் சேர்ந்து போடும் அதிரடி. இந்த ஒலி பரவியதற்கு மூலம், ஃபேர்லைட் என்ற ஆஸ்திரேலியக் கணினி இசைக்கருவியில் இருந்த ஒரு பதிவு. அது ஸ்ட்ராவின்ஸ்கியின் 1910-ஆம் ஆண்டு 'ஃபயர்பேர்ட்' பாலே இசையிலிருந்து வெட்டி எடுத்த ஒரே ஒரு துண்டு. பாரிஸில் அரங்கேறிய அந்த அதிர்வின் வாரிசு, நூறாண்டு கழித்து மாப்பிள்ளை கேக் வெட்டும்போது நுரை ஸ்பிரேயோடு சேர்ந்து துடியலூரில் வெடிக்கிறது.

மேற்சொன்ன ஜெனரல் மிடி, கீபோர்டு ஒலிகளுக்கு 1991-இல் வகுக்கப்பட்ட உலகப் பொது ஒழுங்கு. மொத்தம் 128 இருக்கைகள். 105-இல் சிதார், 112-இல் ஷெனாய். 125-இல் தொலைபேசி மணி, 126-இல் ஹெலிகாப்டர், 128-இல் துப்பாக்கிச் சூடு. நாகஸ்வரத்துக்கு இடமில்லை. ஆகவே முகூர்த்தத்தில் நேரில் வாசித்த நாகஸ்வரம், மாலை வரவேற்பில் ஷெனாய் வேடம் பூண்டுதான் கீபோர்டுக்குள் நுழைய முடிகிறது. ஹெலிகாப்டர் எந்தக் கல்யாணத்தில் தேவைப்படும் என்று எண்ணியே அதற்கு இடம் தந்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

இயல் 5: மின்சாரப் பின்புலம்

மேடை ஒலியைப் பற்றிப் பேசும்போது மின்சாரத்தை விலக்க முடியாது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. சரியாக எர்த் கொடுக்காத ஸ்பீக்கரில் கேட்கும் 'ம்ம்' என்ற இரைச்சல் அந்தச் சுழற்சியிலிருந்தும் அதன் இரட்டிப்பிலிருந்தும் பிறப்பது. ஏ-440 கணக்கில் 49 சுழற்சி ஐந்து கட்டையின் தாழ்ந்த ஸ்தாயி. 50 அதற்குச் சற்று மேலே, ஐந்தரைக்குக் கீழே. பாடகர்கள் ஐந்திலும் பாடுவர், ஐந்தரையிலும் பாடுவர். இடைப்பட்ட இந்தச் சுருதியில் பாட ஒருவருமில்லை. இரவு முழுக்க அங்கே தம்புரா மீட்டுவது மின்வாரியம் மட்டுமே. அறுபது நரம்புக் கருவிகளும் அதன் மேல் கொஞ்சம் பொருந்தாமலே மிதக்கின்றன.

இயல் 6: இலைக் கணக்கு

இனி மையப் பொருள். ஜே.வி.-80 ஒரே நேரத்தில் 28 குரல்களை எழுப்ப வல்லது. நல்ல ஸ்ட்ரிங்ஸ் ஒலி ஒன்று நான்கு அடுக்குகளால் ஆனதாக இருந்தால், ஒரு கட்டையை அழுத்த நான்கு குரல் செலவு. 28-ஐ நான்கால் வகுக்க ஏழு. இடக்கையில் மூன்று, வலக்கையில் நான்கு விரல் வைத்த கணமே பெட்டி நிறைந்துவிடும். எட்டாவது விரல் வைத்தால், முதலில் வந்து உட்கார்ந்திருந்த சுரம் ஒன்று எழுந்து இடம் விட வேண்டும். எக்ஸ்.பி.-80-க்கு 64 குரல்கள், அதாவது பதினாறு கட்டை. ஆனால் சஸ்டெயின் பெடலை மிதித்தபடி மூன்று கார்டு மாற்றினால் அதுவும் தீரும்.

மேற்கத்திய சிம்பொனி அரங்கில் நரம்புப் பகுதிக்கு மட்டும் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வியோலா 12, செல்லோ 10, டபுள் பாஸ் 8 என்று அறுபது பேர் அமர்வது முழு வரிசை. அறுபது பேர் துடியலூர் மண்டபத்துக்கு நேரில் வந்தால் அறுபது இலை போட வேண்டும். கொங்கு நாட்டில் வாசிக்க வந்தவருக்குச் சோறு போடாமல் அனுப்பினால் பேச்சு மூன்று தலைமுறைக்கு நிற்கும். பலகைக்கு இலை வேண்டாம். ஆகவே பொருளாதார நோக்கில் பலகை சேமிப்பு என்ற முடிவுக்கு வருவோர் உண்டு.

அம்முடிவு பிழை. இவ்வட்டாரத்து வடமதுரையில் கோயில் கொண்டிருக்கும் இறைவன் பெயர் விருந்தீஸ்வரர். சுந்தரருக்கு அவரே விருந்து படைத்தார் என்கிறது தலபுராணம். பாட வந்தவருக்குச் சாமியே பரிமாறிய ஊரில், வாசித்தவருக்கு இலை மிச்சம் என்பதைச் சேமிப்புக் கணக்கில் எழுத முடியாது. பாக்கிக் கணக்கில்தான் எழுத வேண்டும். பெண் வீட்டுப் பெரியவருக்கும் கீபோர்டுக்காரருக்கும் நடக்கும் உரையாடலின் பொது வடிவம் இதை உறுதி செய்யும்:

"ஏனுங் தம்பி, வயலினு வாசிக்கறவிய எங்கீங்க?"

"பொட்டிக்குள்ள இருக்கறாங்கங்க."

"அப்பிடீங்ளா. சாப்ட்டாங்ளா?"

சிரித்துவிட்டு நகரத்தக்க கேள்வியன்று இது. பெட்டிக்குள் இருப்பவர்கள் வெறும் மின்னணு அல்லர். வில்லைப் பிடித்த கை நிஜம், அந்தக் கை இழுத்த சில நொடிகளும் நிஜம். அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள், தாம் பிறகு எத்தனை தாலிகட்டுக்கு வாசித்தோம் என்று அறியார். காரை எடுக்கச் சொல்லும் அறிவிப்புக்குக் கீழேயும் தாம்தான் என்று அறியார். துடியலூரும் அவர்கள் பெயரை அறியாது. முகம் தெரியாமல், அழைப்பிதழ் இல்லாமல், எல்லாக் கல்யாணத்துக்கும் வந்து வேலை செய்துவிட்டுப் பந்தியில் உட்காராமல் போகும் ஒறம்பரை வேறு எந்த ஊரிலும் இல்லை.

இயல் 7: எதிர்வாதமும் மறுப்பும்

"பலகையால் வயலின்காரர்களின் பிழைப்புப் போனது" என்பது ஒரு சாரார் கட்சி. அறுபது பேரைத் துடியலூர் மேடைக்கு அதற்கு முன்னும் எவரும் அழைக்கவில்லையாதலால், இங்கே பறிபோக ஒன்றும் இருக்கவில்லை. "அப்படியானால் யாருக்கும் நட்டமில்லை" என்பது மறுசாரார் கட்சி. நட்டம் கீபோர்டுக்காரருக்கு. அறுபது பேரும் நேரில் இருந்தால், ஒரு சுரம் பிசகும்போது அவர்களில் ஒருவர் தலையில் போடலாம். இப்போது கொம்பு பிந்தினாலும், செல்லோ கரகரத்தாலும், டிம்பனி தவறான ஆளுக்கு முழங்கினாலும் பழி ஒருவருக்கே. அறுபது பேர் செய்யக்கூடிய தவறுகளைத் தனியாகச் செய்யும் பொறுப்பு அவருடையது. சம்பளம் பேசும்போது மட்டும் "நீங்க ஒருத்தர்தானுங்களே" என்கிறார்கள்.

இயல் 8: முடிவுகளும் பரிந்துரைகளும்

1. ஆர்கெஸ்ட்ரா எக்ஸ்பான்ஷன் விரிவாக்குவது ஒலியை. அது சுருக்குவது பந்தியை.

2. ஜெனரல் மிடி பட்டியல் எப்போதாவது திருத்தப்பட்டால் 126-ஆம் இருக்கையிலிருந்து ஹெலிகாப்டரை இறக்கிவிட்டு நாகஸ்வரத்தை ஏற்ற வேண்டும்.

3. அட்வான்ஸ் கொடுக்கும் நேரத்தில் தலைகளை எண்ணாமல் குரல்களை எண்ண வேண்டும். ஜே.வி.-80 எனில் 28, எக்ஸ்.பி.-80 எனில் 64.

4. வாசிப்பவருக்கு முதல் பந்தியிலேயே இலை போட வேண்டும். கச்சேரி முடிந்து, ஒயர் சுற்றி, ஸ்டாண்டு மடக்கி அவர் வரும் கடைசிப் பந்தியில் ரசம் மட்டுமே மிஞ்சியிருப்பது, அறுபது பேரைப் பட்டினி போட்டதற்குச் சமம்.

இப்பரிந்துரைகளைச் சமையல் காண்ட்ராக்டர்கள் எதிர்க்கமாட்டார்கள் என்று நம்ப இடமுண்டு. அவர்கள் இலைக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள். பெட்டிக்குள் அறுபது பேர் இருக்கிறார்கள் என்னும் கருதுகோளை ஆதாரம் கேட்காமல் உடனே ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரே அறிஞர் குழு அதுதான்.